புன்னைக்காயலின் அண்ட்ரிக் அடிகளார்

யூபிலி மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம் பெற வேண்டும் என்று மலர்க் குழுவினர் தீர்மானித்து, அப்பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தனர். புனித அருளானந்தரைப் பற்றியும் வீரமாமுனிவரைப் பற்றியும் எழுதாத யூபிலி மலர் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். ஆகவே நாம் இன்னும் பீடத்தில் ஏற்றப்படாத ஒருவரை எடுத்துக்கொண்டோம். தமிழ் அச்சு வரலாற்றைப் படித்தவர்கள் எல்லாரும் அவர் பெயரை அறிவார்கள். ஆனால் அவர் வாழ்ந்த சிற்றூரைப் பற்றியும், அவ்வூர் மக்களோடு அவர் நடத்திய வாழ்வைப் பற்றியும் அறிந்தவர்கள் குறைவு.

இவரை நாம் தேர்ந்துகொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஞாயிறு முதல் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்பவர்களிடம் ஊர் எது என்று விசாரித்துப் பாருங்கள். மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று வரிசையாகப் பதில் வரும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதலும், 2010இல் ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலை திறந்தது முதலும், ஐ.டி.ஐ. சான்றிதழும் டிப்ளமோவும் கையில் ஏந்தி நம் கடற்கரைப் பிள்ளைகள் இங்கு வந்துகொண்டேயிருக்கிறார்கள். இம்மண்ணின் பழைய பங்குக் குடும்பங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. அதற்காக அவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். என்றாலும் ஓர் அறையில் ஆறு பேராய்த் தங்கி, ஷிப்டு மாறி மாறி உறங்கி எழும் வாழ்வில், பக்கத்து அறையில் இருப்பவர் பெயர்கூடத் தெரிவதில்லை. ஊரில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தாலும் கம்பெனி பஸ் நேரத்துக்குப் போய்விடும், கேட்பார் இல்லை. ஊர் என்பது எதனால் ஊராகிறது என்ற கேள்வி நம்மில் பலருக்கு இங்கு வந்த பிறகுதான் எழுந்தது. அண்ட்ரிக் அடிகளாருக்கும் அக்கேள்வி எழுந்திருக்க வேண்டும் என்று எமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அவரும் ஊர்விட்டு வந்தவரே.

ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்பது அவருடைய முழுப்பெயர். நம் முன்னோர் நாவில் அது அண்ட்ரிக் என்று மருவியது. 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அந்நாட்டு யூதர்கள் 1497இல் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று அழைத்து, தலைமுறைகள் கடந்த பின்னும் சமூகம் ஒதுக்கியே வைத்திருந்தது. அடிகளார் அந்தக் குலத்தில் வந்தவர். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார்; பிறப்பைக் காரணம் காட்டி அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் கொயிம்பிரா பல்கலைக் கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545இல் சேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கப்பலேறி இந்தியா வந்தார். வாடகை வீடு தேடிப் போன இடத்தில், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கப்பட்டு வாசலோடு திரும்பிய அனுபவம் நம்மவர் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அடிகளாரின் இளமையைப் பற்றி நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1547இல் அவர் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது இக்கடற்கரையின் நிலை என்ன என்பதைச் சற்றுச் சொல்லவேண்டும். பரதவ மக்கள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1535ஆம் ஆண்டையொட்டி, பகைவரிடமிருந்து பாதுகாப்புத் தேடிப் போர்த்துக்கேயரை அண்டி, ஆயிரக் கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். உண்மையைச் சொல்வதானால், அந்த ஞானஸ்நானத்தில் விசுவாசத்தைவிட அச்சமே மிகுதி. தண்ணீர் ஊற்றிய குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள், கற்பிக்க யாருமில்லை. 1542இல் புனித சவேரியார் வந்தார். மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் புன்னைக்காயலிலும் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். அவர் தமிழைத் துபாசிகள் துணையோடு மனப்பாடம் செய்தவர். விசுவாச மந்திரத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், வேணும் என்ற சொல்லைத் துபாசிகள் போட்டுவிட்டார்கள். மக்களும் பக்தியோடு அதையே சொல்லி வந்தார்கள். 1544 அளவில் சவேரியாரே அதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். மொழி தெரியாமல் மந்தை மேய்ப்பதில் உள்ள இடர் இதுதான். சவேரியார் அக்கரையில் தங்கியது சொற்ப காலமே. அவரது இதயம் ஜப்பானையும் சீனாவையும் நாடியது. அவர் விட்ட இடத்தில் தொட்டவர் அண்ட்ரிக் அடிகளார்.

சவேரியார் விட்டுச் சென்ற நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, ஜெபம் சொல்லிக் கொடுக்கவும், சாகக்கிடக்கும் குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கவும், பிறப்பையும் திருமணத்தையும் குறித்து வைக்கவும் செய்தார். அவர்களுக்கான சம்பளப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், போர்த்துக்கல் நாட்டு இராணி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 400 பொன்னிலிருந்து வந்தது. இராணியின் செருப்பைவிட இந்தப் பிள்ளைகளின் ஞானமே அவளை மோட்சத்துக்கு ஏற்றும் என்ற கருத்துப்பட எழுதிச் சவேரியார் அப்பணத்தைக் கேட்டு வாங்கினார். இன்றைக்கும் நம் ஊர்களில் உபதேசியார் கோயில் மணியை அடிக்கும்போது இந்தச் செருப்புப் பணத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அண்ட்ரிக் அடிகளார் வந்து சேர்ந்தபோது முதலில் அவரும் துபாசியை நம்பியே இருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்குக் கூடத் துபாசி வேண்டும் என்றால் யார்தான் மனம் திறந்து பேசுவார்கள்? புன்னைக்காயல் போன்ற சிற்றூரில், பாவத்தைக் கேட்டுச் சொன்ன துபாசியை மறுநாள் காலையில் கடற்கரையில் சந்திக்க வேண்டுமே! இதை உணர்ந்த அடிகளார் தமிழைக் கற்றே தீருவது என்று முனைந்தார். தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கேயர் படிப்பதற்கு அதுவரை நூல் எதுவும் இல்லை. ஆகையால் மக்கள் பேசும் பேச்சைக் கேட்டுக் கேட்டு, இலத்தீன் இலக்கணத்தில் கற்ற வேற்றுமைகளையும் வினை வடிவங்களையும் அதில் தேடி, தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். சில மாதங்களில் துபாசியை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். கரையிலிருந்த தம் சபைக் குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும், போர்த்துக்கேய மொழியில் பேசிவிட்டால் தண்டனை ஏற்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தார். நம்முடைய ஆங்கிலப் பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதம் கட்டிய காலத்தை நினைத்தால் இச்செய்தி இனிக்கிறது.

அவர் எழுதிய இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் அது ஜெர்மனியில் அச்சேறியது. 2013இல் ஜீன் ஹெயின் என்பவரும் வி. எஸ். இராஜம் அம்மையாரும் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் பெண்களும் பிள்ளைகளும் பேசிய தமிழ் அதில் பதிவாகியிருக்கிறது. புலவர்களின் ஏடுகளில் அகப்படாத பேச்சு அது. மீன் விற்றவர்களும் வலை பின்னியவர்களும் ஒரு பரதேசிக்கு ஆசிரியர்களாய் இருந்தார்கள் என்பதற்கு அந்நூலே சாட்சி.

புன்னைக்காயல், தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல். அடிகளார் காலத்தில் போர்த்துக்கேயரின் தலைவரும் அங்கேதான் இருந்தார். முத்துக்குளிக்கும் பருவத்தில் ஆள் நடமாட்டம் மிகுந்திருக்கும். மற்ற மாதங்களில் வலையும் மீனும் உப்புக் காற்றும்தான். இந்த ஊரை மையமாகக் கொண்டு அவர் கரை நெடுகிலும் நடந்தார். உடல் நலம் எப்போதும் குன்றியே இருந்தது. ஆயினும் சவேரியார் 1549இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இந்த நோயாளி இருவர் வேலையைத் தனியாகச் செய்வதாகவும், மக்கள் அவர்மேல் மிகுந்த அன்பு வைத்திருப்பதாகவும் தெரிவித்திருக்கிறார். அதே 1549இல் கரையின் தலைவராயிருந்த அந்தோனியோ கிறிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டார். உடனிருந்த குருக்கள் கூடி அண்ட்ரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டார்கள். பிறப்பின் பெயரால் ஒரு சபையிலிருந்து விலக்கப்பட்டவரை, தோழர்கள் தங்கள் வாக்கால் முன்னிருத்தினார்கள். ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பில் அவர் இருந்தார்.

அவர் ஊர்களை நடத்திய விதம் எளிமையானது. பிள்ளைகள் நாள்தோறும், பெண்கள் சனிக்கிழமையும், ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்கு வந்து ஜெபமும் ஞானோபதேசமும் கேட்பார்கள். கடலுக்குப் போகிறவனின் நாட்களை அறிந்து செய்த ஏற்பாடு இது. குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே, ஊர்களோ பல. எனவே ஒவ்வோர் ஊரிலும் நம்பிக்கைக்குரியவர்களைத் தெரிந்து, நோயாளிகளைச் சந்திப்பது, சண்டைகளைத் தீர்ப்பது, ஏழைகளின் தேவையை அறிந்து சொல்வது ஆகியவற்றை அவர்களிடமே விட்டார். குரு வராவிட்டாலும் ஊர் நடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று நம் பங்கில் அன்பியங்கள் செய்கிற வேலை இதுவே அல்லவா? பெயர் புதிது, வேலை பழையது.

புன்னைக்காயலில் 1550ஐ ஒட்டி ஒரு மருத்துவமனை எழுந்தது. கடலில் அடிபட்டவனும், காய்ச்சல் கண்டவனும், சொந்தபந்தம் இல்லாமல் கரை ஒதுங்கியவனும் அங்கே படுக்க இடம் பெற்றார்கள். அதை நடத்திய செலவில் மக்களின் காணிக்கையும் இருந்தது. பிடித்த மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று ஒதுக்கும் வழக்கம் நம் கடற்கரையில் பரம்பரையாக வருவது. கொடுத்துப் பழகிய கைகள் அவை. கரையில் நோயுற்றவர்களை ஊரே பார்த்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு கட்டடம் இருந்ததை, இங்கே தனியறையில் காய்ச்சலில் கிடந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

அமைதியாகவே எல்லாம் நடந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். போர்த்துக்கேயத் தலைவர்களே மக்களைச் சுரண்டினார்கள். சவேரியார் அவர்களைப் பற்றிக் கசந்து எழுதியிருக்கிறார், அண்ட்ரிக் அடிகளாரும் அக்குறைகளை மேலிடத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தார். 1553இல் புன்னைக்காயலைப் பகைவர் தாக்கிப் பிடித்தபோது, போர்த்துக்கேயரோடு அடிகளாரும் சிறைப்பட்டார். மீட்புப் பணம் கொடுத்த பிறகே விடுதலையானார். பின்னர் 1560இல் மதுரை நாயக்கரின் படை நெருக்கியதால், கோவாவின் அரசப் பிரதிநிதி மக்களைக் கடல் கடந்து மன்னார்த் தீவுக்குக் குடியேற்றத் தீர்மானித்தார். அடிகளாரும் அவர்களோடு மன்னாருக்குப் போனார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசித்தோம். பாதுகாப்புக்காக ஊரையே பெயர்த்து இன்னொரு கரையில் வைத்துவிட முடியுமா? கோட்டையும் கொடியும் மன்னாரில் இருந்தன. ஆனால் முன்னோர் கல்லறைகளும், கை பழகிய துறையும், ஆற்று வாயும் இந்தக் கரையில் இருந்தன. காலப்போக்கில் மக்களில் பலர் திரும்பி வந்தார்கள். அடிகளாரும் புன்னைக்காயலுக்கே திரும்பினார். நம் பிள்ளைகள் ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்கும், செப்டம்பர் 14ஆம் நாள் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கும் லீவு கிடைக்காமல் சூப்பர்வைசரோடு மன்றாடுவதைப் பார்க்கும்போது, அந்த மன்னார் ஆண்டுகள் நமக்கு நினைவு வருகின்றன.

இனி நூல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகம் அவரை அறிந்திருப்பது இவற்றால்தான். 1554இல் லிஸ்பனில் தமிழ் ஜெபங்கள் அச்சாயின என்றாலும் அவை ரோமன் எழுத்தில் இருந்தன. நம் மக்களுக்கு அவை பயன்படவில்லை. தமிழ் எழுத்திலேயே அச்சு வேண்டும் என்று அடிகளார் பாடுபட்டார். 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூல் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சிடப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், கேள்வி பதிலாக அமைந்த ஞானோபதேசம், நூறு பக்கத்துக்கு மேற்பட்டது, அச்சாயிற்று. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல் ஒன்று வந்தது. துபாசி இல்லாமல் தன் மனத்தைத் தானே ஆராய ஒரு மனிதனுக்கு இப்போது வழி பிறந்தது. 1586இல் அடியார் வரலாறு என்று இன்று நாம் அழைக்கும் பெரிய நூல், 600க்கும் மேற்பட்ட பக்கங்களில், புனிதர்களின் வரலாறுகளோடும் திருநாள் விளக்கங்களோடும் வெளிவந்தது. குரு வராத ஞாயிறுகளில் ஒருவர் வாசிக்க ஊர் கேட்கத் தகுந்த நூல்.

இந்த அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அரசனும் அல்லர், ஆயரும் அல்லர். முத்துக் குளித்த பரதவ மக்களே தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இச்செய்தியை நாம் பெருமையோடு எழுதுகிறோம். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவன் காசில் தமிழ் அச்சேறியது. தமிழறிஞர் மாநாடுகளில் இது சொல்லப்படுகிறதா என்பது வேறு விஷயம்.

நூல்களின் பிற்கால வரலாறு விசித்திரமானது. கரையில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. உப்புக் காற்றும் கறையானும் பின்வந்த போர்களும் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலும், அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கான் நூலகத்திலும் இருக்கின்றன. 1950களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இந்நூல்களைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். பாளையங்கோட்டையில் பணியாற்றிய சேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் 1960களில் அவற்றைத் தூத்துக்குடியில் மறுபடி அச்சிட்டார். முன்னூற்றெண்பது ஆண்டுகள் கழித்து நூல்கள் தங்கள் கரைக்கே திரும்பின.

அடிகளாரின் முதுமையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. 1593இல் சேசு சபையின் பொதுச் சங்கம் ரோமாபுரியில் கூடி, யூத வழிவந்தவர்களை இனி சபையில் சேர்ப்பதில்லை என்று சட்டம் செய்தது. அச்சட்டம் முற்றிலும் நீக்கப்பட 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரோமையில் அது நிறைவேறியபோது அடிகளாருக்கு வயது 73. அச்சபையில் சேர்ந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. இளமையில் அவரை விரட்டிய கேள்வி, கிழப்பருவத்தில் அவருடைய சொந்த வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. புன்னைக்காயலில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அங்கே அவர் தங்கள் பாவத்தைத் தங்கள் பாஷையில் கேட்ட சாமியார்; அவ்வளவே.

1600ஆம் ஆண்டு, இக்கரைக்கு வந்த ஐம்பத்து மூன்றாம் ஆண்டில், புன்னைக்காயலில் அவர் இறந்தார். வயது எண்பது. சொந்த நாட்டை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அன்று சுற்றுப்புற ஊர்களில் இந்துக்கள் கடைகளை அடைத்தார்கள் என்றும், இஸ்லாமியர் நோன்பு இருந்தார்கள் என்றும் சொல்லப்பட்டு வருகிறது. அவரது உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அங்கே அடக்கம் செய்தார்கள். மறுநாள் காலையில் புன்னைக்காயலில் வழக்கம்போல் கணக்கப்பிள்ளை மணியடித்திருப்பார். பிள்ளைகள் கூடி, அடிகளார் அச்சிட்டுக் கொடுத்த ஜெபங்களைச் சொல்லியிருப்பார்கள்.